மூன்று போல்ட்டும் ஒரு கையெழுத்தும்

"காரணம்: கவனக்குறைவு." விபத்துப் படிவத்தில் அந்த வரிக்குக் கீழே, சாட்சி என்று போட்டிருக்கும் இடத்தில், என் கையெழுத்து இருக்கிறது. அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. பாதுகாப்புப் பிரதிநிதிக்கான ஐந்து நாள் பயிற்சியை முடித்துவிட்டு வந்ததிலிருந்து அதுதான் என் கண்முன் நிற்கிறது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். அட்டைப்பெட்டியை மூடி, டேப் ஒட்டி, கன்வேயரில் அனுப்பும் லைன். எனக்கு அடுத்த இடத்தில் நிற்கும் தம்பி, சிக்கிக்கொண்ட ஒரு பெட்டியை இழுக்கப் போனபோது பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவே அவனுடைய ஆள்காட்டி விரல் போய்விட்டது. எலும்பு தப்பியது, நகம் தப்பவில்லை. சிவப்புப் பொத்தானை அடித்தவள் நான்தான். அடித்த பிறகும் பெல்ட் அரைச் சாண் தூரம் ஓடித்தான் நின்றது. அந்த அரைச் சாணை நான் இன்னும் மறக்கவில்லை.

படிவம் ஒரு மணி நேரத்தில் தயாராகிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள், படித்தேன், கையெழுத்துப் போட்டேன். அவன் அவசரப்பட்டான் என்றுதான் அன்று நானும் நினைத்தேன்.

சில மாதம் கழித்துப் பாதுகாப்புக் குழுவில் எங்கள் பிரிவின் பிரதிநிதி இடம் காலியானது. யாரும் முன்வரவில்லை. "நீங்கள்தான் சத்தமாகப் பேசுவீர்களே அக்கா" என்று சொல்லி என் பெயரை எழுதிவிட்டார்கள். சத்தமான இடத்தில் இருபது வருடம் வேலை செய்தால் யாரும் சத்தமாகத்தான் பேசுவார்கள். அதை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவில்லை.

வகுப்பில் நாங்கள் பதினான்கு பேர். ஆளுக்கொரு தொழில்: கிடங்கு, சலவைக்கூடம், மருத்துவமனை வார்டு, அச்சகம், பேருந்துப் பணிமனை. பயிற்சியாளர் முப்பது வருடம் வெல்டிங் செய்தவர். இரண்டு காதிலும் செவிக்கருவி. "பின்வரிசை கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், என் காதை வேலைக்குக் கொடுத்துவிட்டேன்" என்றுதான் ஆரம்பித்தார்.

முதல் கேள்வி: பாதுகாப்புப் பிரதிநிதியின் வேலை என்ன? ஹெல்மெட் போடாதவர்களைப் பிடிப்பது என்றார் ஒருவர். போஸ்டர் ஒட்டுவது என்றார் இன்னொருவர். விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வது என்றேன் நான், பெருமையாக. எல்லாவற்றையும் பலகையில் எழுதினார். முதலில் அடித்தது என்னுடையதைத்தான்.

"விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் கடமை. அதை ஏன் அம்மா உங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள்? நாளைக்கு ஏதாவது நடந்தால் 'பிரதிநிதி இருந்தாரே' என்று உங்களைக் கைகாட்டவா?"

பிறகு வேலையை அவரே சொன்னார். போய்ப் பார்ப்பது. வேலை செய்பவர்களிடம் கேட்பது. கேட்டதை எழுத்தில் நிர்வாகத்தின் மேஜைக்குக் கொண்டுபோவது. பதில் வரும்வரை விடாமல் இருப்பது. சக தொழிலாளியைக் கண்காணிப்பது இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. ஹெல்மெட் பற்றிச் சொன்னவர் கொஞ்ச நேரம் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இந்தப் பயிற்சி ஏதோ நிர்வாகம் பெரிய மனது வைத்து அனுப்பியது என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியில்லை என்று வகுப்பில்தான் தெரிந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981இல் வந்தது. தொழிலாளருக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கும் தகுந்த பாதுகாப்புப் பயிற்சி வேண்டும் என்று அதன் 19ஆம் பிரிவே சொல்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கான செலவு தொழிலாளி தலையில் விழக்கூடாது என்கிறது 21ஆம் பிரிவு. 2022 ஜூனில், பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலை அந்த அமைப்பு அடிப்படை உரிமைகளின் வரிசையிலேயே சேர்த்துவிட்டது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. பிரிட்டனில் தொழிற்சங்கம் நியமிக்கும் பிரதிநிதிகளுக்குச் சம்பளத்தோடு பயிற்சிக்குப் போகும் உரிமை 1978இலிருந்து இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதியில் ஒரு பிரதிநிதி தானே நிர்வாகத்துக்கு "இதைச் சரிசெய்யுங்கள்" என்று நோட்டீஸ் கொடுக்கலாம், ஆனால் பயிற்சியை முடித்த பிறகுதான். இதைக் கேட்டபோது சலவைக்கூடத்து அக்கா என் காதில், "அங்கே பயிற்சி என்பது ஆயுதம். நமக்குச் சான்றிதழ்" என்றார். அவர் வாய்த்துடுக்குக்காரர். ஐந்து நாளும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாள் காலை சுவரில் ஆளுயரத் தாள் இரண்டை ஒட்டினார்கள். ஒன்றில் மனித உருவத்தின் முன்புறம், இன்னொன்றில் பின்புறம். வெறும் கோடுதான், முகம் கிடையாது. ஆளுக்குப் பத்து வட்ட ஸ்டிக்கர். எங்கே வலிக்கிறதோ அங்கே ஒட்டுங்கள் என்றார். வலிக்குச் சிவப்பு, மரத்துப்போவதற்கு நீலம், தோல் அரிப்புக்குப் பச்சை.

சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் வார்டில் வேலை செய்பவர் போய் இடுப்பில் ஒரு சிவப்பை ஒட்டினார். நான் போய் வலது தோளில் ஒன்று ஒட்டினேன். இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாத தோள் அது. நாற்பது தாண்டிவிட்டது, இனி இப்படித்தான் என்று எனக்கு நானே முடிவு சொல்லிக்கொண்ட வலி. திரும்பும்போது இன்னொரு கை எனக்குப் பக்கத்திலேயே ஒட்டியது. அவள் வேறொரு தொழிற்சாலையில் பேக்கிங் செய்பவள். வயது இருபத்தாறு.

கால் மணி நேரத்தில் அந்த உருவத்துக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. அச்சகத்துக்காரர்களின் பச்சை எல்லாம் விரலிடுக்கில். பணிமனைக்காரரின் நீலம் மணிக்கட்டில். கிடங்கும் வார்டும் இடுப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக. "உங்களில் யார் இதை எழுத்தில் புகாராகக் கொடுத்திருக்கிறீர்கள்?" என்றார் பயிற்சியாளர். ஒரு கையும் உயரவில்லை. "விபத்துப் பதிவேட்டில் இந்த உடம்பு இருக்காது. அதில் ரத்தம் வந்தால்தான் இடம்."

அந்த இருபத்தாறு வயதுப் பெண்ணும் நானும் இடைவேளையில் பேசிப் பார்த்தோம். இரண்டு பேரும் பெட்டிகளைப் பலகைமேல் ஆறு வரிசை அடுக்குகிறோம். ஐந்தாவது வரிசைக்கே கை தோளுக்கு மேலே போய்விடும். லாரியில் இடம் மிச்சப்படுகிறது என்பதால் ஆறு. அவளுக்கு ஒன்றரை வருடத்தில் வந்தது எனக்கு இருபது வருடத்தில் வந்திருக்கிறது. நான் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாம் நாள்தான் எனக்கு விழுந்த அடி.

ஒவ்வொருவரும் தங்கள் இடத்தில் நடந்த ஒரு விபத்தை எடுத்துக்கொண்டு "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு பதில் கிடைத்ததும் அந்தப் பதிலையும் ஏன் என்று கேட்க வேண்டும். நான் தம்பியின் விரலை எடுத்தேன். அவனைப் பற்றிப் பேசுவது சுலபம் என்று நினைத்தேன்.

விரல் ஏன் உள்ளே போனது? சிக்கிய பெட்டியை இழுத்தான். பெட்டி ஏன் சிக்கியது? அட்டை நமுத்துப்போய் மூடி மேலே தூக்கிக்கொண்டது. அட்டை ஏன் நமுத்தது? வெறும் தரையில் அடுக்கியிருக்கிறோம். சரி, உருளைக்கு முன்னால் கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டு இருக்க வேண்டுமே? இருந்தது. எங்கே இருந்தது? ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் தொங்கியது? நான்கு போல்ட்டில் மூன்றைக் கழற்றியிருந்தோம். ஏன்? ஒரு ஷிப்டில் பத்துப் பன்னிரண்டு முறை சிக்குகிறது. ஒவ்வொரு முறையும் நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் அன்றைய கணக்கு முடியாது.

"கழற்றியது யார்?"

வகுப்பில் யாருக்கும் என்னைத் தெரியாது. எதையாவது சொல்லியிருக்கலாம். "நான்தான்" என்றேன்.

அவர் தலையாட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஸ்பேனர் எங்கே வைத்திருந்தீர்கள்?"

"ஏப்ரன் பையில்."

"யார் கொடுத்தது?"

"சூப்பர்வைசர்."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பலகையில் ஸ்பேனர் என்று எழுதி ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். நான் சாப்பாட்டு நேரம் வரை யாருடனும் பேசவில்லை. சலவைக்கூடத்து அக்காகூட என்னைக் கிண்டல் செய்யவில்லை.

பிற்பகலில் அதே விரலை வைத்தே கட்டுப்பாடுகளின் ஏணியைச் சொல்லிக்கொடுத்தார். மேல்படி, ஆபத்தையே இல்லாமல் ஆக்குவது. அடுத்தது, அதற்குப் பதிலாக ஆபத்துக் குறைந்த ஒன்றை வைப்பது. மூன்றாவது, மனிதனுக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்போ பொறியியல் ஏற்பாடோ வைப்பது. நான்காவது, விதிமுறை, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை. கடைசிப் படிதான் கையுறை, ஹெல்மெட், கண்ணாடி. கீழே போகப்போக எல்லாம் மனிதனின் கவனத்தை நம்பி நிற்கும். மனிதனின் கவனமோ ஷிப்டின் ஏழாவது மணி நேரத்தில் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"விபத்துக்குப் பிறகு என்ன செய்தார்கள்?" என்றார். எல்லாருக்கும் கையுறை கொடுத்தார்கள் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சுழலும் உருளைக்குப் பக்கத்தில் கையுறை போட்டால், துணியின் நுனியை அது பிடித்துக் கையையே உள்ளே இழுத்துவிடும். விரல் நுனியோடு போனது மணிக்கட்டு வரை போகும். ஏணியின் கடைசிப் படியில் நின்றது போதாதென்று, அந்தப் படியையும் தலைகீழாக வைத்திருக்கிறோம். அந்தக் கையுறைகளை வாங்கிக் கொடுத்ததற்காக நான் சூப்பர்வைசருக்கு நன்றி வேறு சொல்லியிருந்தேன்.

ரசாயனத்துக்கு அரைநாள் ஒதுக்கினார்கள். ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 16 பகுதிகள், முதலுதவிக்கு நான்காவதைப் பார், கையுறையும் காற்றோட்டமும் எட்டாவதில் இருக்கும் என்று வேகமாகப் போனது. அச்சகத்துக்காரர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு டேப்பும் பசையும்தான், சீக்கிரம் முடிந்தது. உட்காரும் முறை பற்றிய பாடத்தை, முதுகு சாய்க்க முடியாத பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து நடத்தினார்கள் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

மெஷினைப் பூட்டுவது பற்றிய பகுதி எனக்குப் பிடித்திருந்தது. பழுதுபார்க்க உள்ளே கைவிடுபவர் மின்சாரத்தை நிறுத்தி அதில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். ஒரு பூட்டு, ஒரு சாவி, அது அவருடைய பையிலேயே இருக்க வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும், நிஜமாகவே செத்துவிட்டதா என்று. மின்சாரம் போனாலும் அழுத்தப்பட்ட காற்றும் இழுபட்ட ஸ்பிரிங்கும் தூக்கி நிறுத்திய பாரமும் உயிரோடுதான் இருக்கும். எங்கள் பெல்ட் ஓடிய அரைச் சாண் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

அதோடு பைப்பர் ஆல்ஃபா கதையையும் சொன்னார். வட கடலில் இருந்த எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6. பகலில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதும், இரவில் இருந்தவர்கள் இதை ஓட்டினார்கள். மேடை வெடித்துத் தீப்பிடித்தது. 167 பேர் இறந்தார்கள். எங்கள் லைனில் ஷிப்ட் மாறும்போது நாங்கள் பேசுவது இரண்டு சொல்: "எல்லாம் சரி." இருபது வருடமாக அதைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

நான்காம் நாள், வேலையை நிறுத்தும் உரிமை. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் விலகிக்கொள்ளலாம், அதற்காகத் தொழிலாளியைப் பழிவாங்கக்கூடாது என்கிறது அதே 155ஆம் உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு. கேட்க நன்றாக இருந்தது. அடுத்ததாக வங்கதேசத்தில் தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடத்தின் படத்தைக் காட்டினார். 2013 ஏப்ரல் 23 அன்று கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கட்டடத்திலேயே இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. மறுநாள் காலை தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விரிசலை அவர்களும்தான் பார்த்திருந்தார்கள்.

"அந்த வாசலில் நீங்கள் பிரதிநிதியாக நின்றிருந்தால்?" என்று கேட்டார். வீராவேசமாக யாரும் பதில் சொல்லவில்லை. மாதச் சம்பளத்தை நிறுத்திவிடுவோம் என்றால் உள்ளே போயிருப்பேன் என்றார் கிடங்கிலிருந்து வந்தவர். பயிற்சியாளர் அதை மறுக்கவில்லை. தனியாளாக நின்றால் அப்படித்தான் முடியும், அதனால் வாசலுக்குப் போகும் முன்பே யார் யார் உங்களோடு நிற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். இதற்கு அரைநாளாவது ஒதுக்கியிருக்கலாம். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பயிற்சியில் எனக்குப் பெரிய குறை அதுதான்.

கடைசி நாள் கடிதம் எழுதும் பயிற்சி. "மெஷின் ஆபத்தாக உள்ளது, தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில் கேள்விகளோடு திரும்பி வந்தது. எந்த மெஷின்? என்ன ஆபத்து? யாருக்கு? எத்தனை முறை? என்ன வேண்டும்? எந்தத் தேதிக்குள்? நான்கு முறை எழுதினேன். பிறகு அவர் மேலாளராக உட்கார்ந்துகொண்டார். "இதுவரை யாரும் புகார் சொல்லவில்லையே?" "இந்த வருடம் பணம் ஒதுக்கவில்லை." அச்சு அசலாக எங்கள் ஆள்போலவே பேசினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கார்டு, அட்டை, பலகை உயரம், கையுறை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "கையுறையை உடனே நிறுத்திவிடுகிறேன், நன்றி" என்று எழுந்துவிட்டார். நான்கு கேட்டால் செலவில்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்ததும் முதல் வாரம் லைனை ஒரு நோட்டோடு சுற்றினேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டியிருந்தால், சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்கும் என்று சந்தேகப்பட்டு முறையாக அளக்கச் சொல்ல வேண்டும். டேப் மெஷினுக்குப் பக்கத்தில் நானும் தம்பியும் நின்று பார்த்தோம். அவன் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. அவனும் "என்ன அக்கா?" என்றான். நோட்டில் எழுதிக்கொண்டேன். "ஆபீசர் வந்துவிட்டார்" என்று ஓரிருவர் சிரித்தார்கள். நோட்டைப் பையில் வைத்துவிட்டு வெறுமனே பேசியபோதுதான் ஆட்கள் வாய் திறந்தார்கள்.

உடம்புப் படத்தைச் சாப்பாட்டு அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன். இருபத்தொரு பேர் இருக்கும் பிரிவில் வலது தோளில் மட்டும் பதினேழு சிவப்பு.

இந்த முறை ஒரு கடிதத்தில் ஒரே விஷயம்: கார்டு. கீல் வைத்த கார்டு, திறந்தாலே மெஷின் நின்றுவிடும் சுவிட்ச். விலை கேட்டிருக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அட்டைகளைத் தரையிலிருந்து பலகைக்கு மாற்ற இரண்டு நாள்தான் ஆனது, அதிலேயே சிக்கல் பாதி குறைந்துவிட்டது. பலகை உயரத்துக்கு இன்னும் கடிதம் எழுதவில்லை. அது லாரி வாடகை சம்பந்தப்பட்டது, பெரிய சண்டை. கையுறை நின்றுவிட்டது. ஸ்பேனரை சூப்பர்வைசரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். அவருக்கும் மேலே ஒருவர் தினமும் கணக்குக் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியாததல்ல.

பழைய படிவத்தைத் திருத்தக் கேட்டேன். முடிந்துபோன கோப்பைத் திறக்க முடியாது, வேண்டுமானால் கூடுதல் தாள் ஒன்றை இணைக்கலாம் என்றார்கள். உட்கார்ந்து எழுதினேன். நமுத்த அட்டை, ஒரு ஷிப்டில் எத்தனை முறை சிக்குகிறது, நான் கழற்றிய மூன்று போல்ட், ஸ்பேனர், நிறுத்திய பிறகும் ஓடிய அரைச் சாண். கொடுப்பதற்கு முன்னால் தம்பியிடம் காட்டினேன். அவனுடைய விரலைப் பற்றியது, அவன் படிக்காமல் போகக்கூடாது என்று தோன்றியது.

நின்றுகொண்டே படித்தான். புது நகம் கொஞ்சம் கோணலாக வளர்ந்திருக்கிறது. தாளை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"நான்காவது போல்ட்டையும் நான் தளர்த்தி வைத்திருந்தேன் அக்கா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதினேன். கீழே அவனே கையெழுத்துப் போட்டான்.